மேனேஜர் விடாத பெருமூச்சு

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகப் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து, 'ஓஹோ, அப்படியா சேதி' என்று என்னைப் பார்ப்பதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

கடிதத்தின் முதல் வரி இது: "நான்காம் மாடியில் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு கதவு பூட்டப்படுகிறது, அதன்பின் இரண்டு மணி நேரம் ஓர் உயிர் இடைவிடாமல் கதறுகிறது." எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். கையெழுத்துப் போடவில்லை. 'ஓர் உயிர்' என்ற இடத்தில் முதலில் 'ஒரு நாய்' என்றுதான் எழுதியிருந்தேன். நாய் என்றால் சங்கச் செயலாளர் கொட்டாவி விடுவார். உயிர் என்றால் நிமிர்ந்து உட்காருவார். அடித்துவிட்டு மாற்றினேன். வரி நன்றாக விழுந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டு மணி நேரம் என்பது பொய். நாற்பது நிமிடம்தான். ஆனால் நாற்பது நிமிடத்தை யார் மதிக்கிறார்கள்?

(இது இந்தக் கதையின் ஏழாவது ஆரம்பம். முந்தைய ஆறிலும் கடிதத்தை எழுதியது யார் என்று சொல்லாமலே கதையை நகர்த்தப் பார்த்தேன். ஆறும் நொண்டின. ஓர் ஆரம்பம் "மழை பெய்துகொண்டிருந்தது" என்றுகூடத் தொடங்கியது. மழையே பெய்யவில்லை.)

2

கதைக்கு ஆட்கள் வேண்டும். பக்கத்து வீட்டில் இரண்டு பேர், ஒரு நாய்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலில் பாதி நேரம் ஏதாவது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருப்பார். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.*

மனைவிக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பார்த்தே இராத ஒருவர் வாய்க்குப் பல் வரிசை செய்து அனுப்புவாள். அந்தப் பழக்கத்தில், யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டாள், முன்பல்லைப் பார்ப்பாள். என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மூன்று வருடமாகப் பரிதாபத்தோடு பார்த்துவருகிறாள்.

நாய்க்கு மேனேஜர் என்று பட்டப்பெயர். வீட்டுக்குள் வரும் பை, வெளியே போகும் பை எல்லாவற்றையும் மூக்கால் சோதித்துவிட்டுத்தான் விடுவான். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது லீவில் இருப்பதுபோல் மடிந்திருக்கும். போன வருடம் அவள் காலை உடைத்துக்கொண்டு ஐந்து மாதம் வீட்டில் கிடந்தாள். கட்டுப் போட்ட முதல் மாதத்திலேயே நாய்கள் காப்பகத்திலிருந்து இவனைக் கூட்டிவந்தார்கள். ஆக, அவள் இல்லாத வீட்டை அவன் பார்த்ததே இல்லை. அவனைப் பொறுத்தவரை சோபா, மேசை, அவள் எல்லாம் வீட்டோடு சேர்ந்து வந்தவை. பிறகு ஒருநாள் கட்டைப் பிரித்தார்கள். அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சோபா எழுந்து போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அவனும் அதைத்தான் செய்தான்.

* இந்த வரியைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். படித்துவிட்டுத் திட்டுவதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறாள். முன்கூட்டியே இப்படிச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்றாள். போகட்டும். இந்தக் கதையில் இனி யாரையும் ஏமாற்றுவதில்லை என்று இருக்கிறேன்.

3

புகார் போட்ட நான்காம் நாள் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் சங்கத்தின் நோட்டீஸ். முப்பது நாள் கெடு. அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் நாயை வெளியேற்ற வேண்டும். நோட்டீஸோடு என் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள். நல்லவேளை, தட்டச்சு செய்திருந்தேன்.

"யாரோ நல்லா எழுதத் தெரிஞ்சவங்க எழுதியிருக்காங்கக்கா. படிச்சப்போ எனக்கே அழுகை வந்துடுச்சு."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றேன். கடிதத்தை வாங்கி, முதல்முறை படிப்பவள் மாதிரி படித்தேன். புருவத்தைக்கூடச் சரியான இடத்தில் உயர்த்தினேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். மேனேஜரை இதற்கு முன் இரண்டு குடும்பங்கள் கூட்டிப்போய், இதே காரணத்துக்காகத் திருப்பி விட்டிருக்கின்றன. மூன்றாவது முறையும் திரும்பினால் அவனை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்களாம், கடைசிவரை கூண்டுதான். அதைச் சொல்லும்போது அவள் என் பல்லைக்கூடப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

வாசகரே, நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவள்தானே நீ, பகலில் அந்த நாயை உன் வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன? அவளும் அதைத்தான் கேட்டாள். எனக்கு நாய் முடி பட்டால் தும்மல் வரும் என்றேன். வராது. எனக்கு நிசப்தம் வேண்டும், அவ்வளவுதான். இது இரண்டாவது பொய்.

அப்படியானால் வேறோர் உதவி செய்ய முடியுமா என்று கேட்டாள். நாய் டாக்டர் ஒருவரிடம் போனில் பேசியிருக்கிறார்கள். அந்த அம்மா ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார். அதற்கு, இவர்கள் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்று கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். அவர்கள் ஹாலுக்கும் என் எழுத்து மேசைக்கும் நடுவே ஒரு சுவர்தான். "உங்களுக்குத்தான் எழுத வருமேக்கா" என்று புது நோட்டு ஒன்றை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். குற்றவுணர்வு என்று நினைப்பீர்கள். அதுவும்தான். ஆனால் அதைவிட, அந்தச் சுவருக்குப் பின்னால் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

 ஏன், கேமரா வைக்கக் கூடாதா என்கிறீர்களா? வைத்தார்கள். மேனேஜர் முதல் நாளே வயரைக் கடித்துவிட்டான். மேனேஜருக்கே கேமரா வைத்தால் எப்படி?

4

டாக்டரம்மாவின் வைத்தியம் இரண்டு பாகம்.

முதல் பாகம், கிளம்புவதற்கான அடையாளங்களையெல்லாம் வெறும் ஓசையாக்குவது. சாவிச் சத்தம், ஷூ, கைப்பை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. சாவி குலுங்கியதுமே நாக்கைத் தொங்கப்போட்டு நடக்க ஆரம்பிப்பான். அதனால் இவர்கள் நாளைக்கு முப்பது தடவை சாவியை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார்கள். லிஃப்ட்காரர் ஷூ போட்டுக்கொண்டு டிவி பார்த்தார். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். நான்காம் நாள் சாவியை ஆட்டினால் மேனேஜர் லீவில் இருக்கும் காதை மட்டும் லேசாக அசைத்துவிட்டுத் தூங்கினானாம்.

அசையாமல் நின்றது ஒரே ஓர் அடையாளம்: "போயிட்டு வரேன்." கிளம்பும்போது எதுவுமே சொல்லாமல் நழுவச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. இவளால் முடியவில்லை. வாசற்படியைத் தாண்டும்போது வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. சொல்லாமல் எப்படிக்கா போறது, அது என்னவோ மாதிரி இருக்காதா என்று என்னிடமே நியாயம் கேட்டாள். போகிறவர்கள் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நமக்கு நாக்கிலேயே எழுதியிருக்கிறது. அந்த வார்த்தையில் 'வரேன்' இருப்பது நமக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குக் கேட்டதெல்லாம் 'போயிட்டு'.

சரி, சொல்வதை நிறுத்த முடியாவிட்டால் சொல்லிவிட்டுப் போகாமல் இருங்கள் என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து அந்த வீட்டில் சமையலறைக்குப் போனாலும் போயிட்டு வரேன், துணி காயப்போடப் போனாலும் போயிட்டு வரேன். லிஃப்ட்காரர் பாத்ரூமுக்குள்ளிருந்து "வந்துட்டேன்" என்று கத்தியதை நான் என் காதால் கேட்டேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

இரண்டாம் பாகம்தான் என் வேலை. இருவரும் அவனுக்கு ஒரு ரப்பர் பந்துக்குள் வேகவைத்த கோழித் துண்டைத் திணித்துக் கொடுத்துவிட்டு, நான்கு மாடி இறங்கி கேட்டருகே போய் நிற்பார்கள். கதவருகே நின்றால் வாசனையில் கண்டுபிடித்துவிடுவான். நான் சுவரில் காதை வைத்திருப்பேன். முதல் முனகல் கேட்ட உடனே போனில் தகவல் அனுப்ப வேண்டும். அவர்கள் மேலே வந்துவிடுவார்கள். முனகல் அழுகையாக மாறுவதற்குள் கதவு திறந்துவிட வேண்டும் என்பதுதான் விதி.

"கதறினதுக்கப்புறம் திறந்தீங்கன்னா, கதறினாத்தான் திறக்கும்னு கத்துக்குவான்" என்றாராம் டாக்டரம்மா. "எத்தனாவது நிமிஷம் முதல் சத்தம் வந்துச்சுன்னு மட்டும் எனக்குச் சரியாச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அதை வச்சுத்தான்."

சரியாச் சொல்லுங்க. கதை எழுதுகிறவளிடம்.

5

(இந்தப் பகுதியை நீக்கலாமா என்று யோசித்தேன். கதை நகரவில்லை என்று தோன்றினால் தாண்டிப் போங்கள்.)

நாயைப் பற்றி நம் மொழியில் பழமொழிக்குப் பஞ்சமில்லை. குரைக்கிற நாய் கடிக்காது. நாய் வாலை நிமிர்த்த முடியாது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை. எல்லாமே நாயைச் சாக்கிட்டு மனிதனைத் திட்டுபவை. பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்கும் நாய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்த ஒரு பழமொழிகூடச் சொல்லவில்லை. தனியாக இருந்தபோது யார் பார்த்தார்கள்?

எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. அவனிடம் நேரம் என்று ஒன்று உண்டா? ஐந்து நிமிடமும் ஐந்து மணியும் அவனுக்கு ஒன்றா? போனவர்கள் இனி வரவே மாட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் புதிதாக நினைக்கிறானா, அல்லது முன்பு இரண்டு வீட்டார் வராமல் போனதை எண்ணிவைத்திருக்கிறானா? சுவரில் காதை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசித்தேன். பிறகு அவனாகவே மாறி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன்:

"கதவு என்பது ஒரு வாய். அது அவளை விழுங்கிவிட்டது. நான் அதன் உதடுகளை நக்கி—"

இதற்கு மேல் போகவில்லை. தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். "நாய் யோசிக்கறத நீ எழுதாத. நீ யோசிக்கறத எழுது. அதுவே உனக்குச் சரியா தெரியாது" என்றாள். கூடப் பிறந்தவளிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

6

நோட்டு. முதல் நாள்: ஒரு நிமிடம், முனகல். இரண்டாம் நாள்: ஒன்றரை. நான்காம் நாள்: இரண்டு. ஐந்தாம் நாள் மறுபடி ஒன்றரை.

இங்கேதான் என் கை அரிக்கத் தொடங்கியது. ஒன்றரை, இரண்டு, ஒன்றரை என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது? கதை என்றால் மேலே ஏற வேண்டும். ஆறாம் நாள் முதல் முனகலை நான் முனகலாகக் கணக்கில் எடுக்கவில்லை; கொட்டாவியாக இருக்கலாம் என்று விட்டுவிட்டு, இரண்டாவதுக்குத்தான் தகவல் அனுப்பினேன். இரண்டு நிமிடம் நான்காயிற்று. எட்டாம் நாள் ஆறு. அவள் நோட்டை வாங்கிப் பார்க்கும்போதெல்லாம் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. என் புத்தகத்தை யாரும் அப்படிப் படித்ததில்லை.

பதினோராம் நாள் அவர்கள் காலை பத்து மணிக்கு இறங்கிப் போனார்கள். எட்டு நிமிடம்வரை பார்க்கலாம், சத்தம் வராவிட்டால் தொடர்ந்து நிற்போம் என்று பேச்சு. நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையின் இரண்டாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். 'சோபா எழுந்து போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்ற வரி அப்போதுதான் வந்தது. நல்ல வரி வரும்போது என் காது மூடிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது.

போன் அதிர்ந்தது. "இன்னும் சத்தமே இல்லையாக்கா?" என்று அவளிடமிருந்து. மணியைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது.

சுவரில் காதை வைத்தேன். அந்த நொடியில் அமைதிதான். அதற்கு முன் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதியது இது:

"25 நிமிடம். சத்தமில்லை. பதினான்காவது நிமிடத்தில் ஒரு பெருமூச்சு. பிறகு கதவருகே படுத்துக்கொண்டான்."

மாலையில் அவள் வாயெல்லாம் பல்லாக வந்தாள். கீழே நின்றபோது தகவல் வராமல் ஒவ்வொரு நிமிடம் கடக்கும்போதும் இருவரும் போனையே பார்த்தார்களாம். அந்தப் பெருமூச்சு வரியைத் தன் கணவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாளாம். "வாசல்ல மட்டும் கொஞ்சம் ஈரமா இருந்துச்சுக்கா. தண்ணியச் சிந்திட்டான் போல" என்றாள்.

தண்ணீர்க் கிண்ணம் சமையலறையில் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

7

அன்றே இரண்டாம் பகுதியையும் அந்த நோட்டுப் பக்கத்தையும் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். அவள் கேட்டாள்: "ஊளை சுவர் வழியா கேக்கும், சரி. பெருமூச்சு எப்படிக் கேட்டுச்சு?"

கதைக்கு வேண்டியிருந்தது என்றேன்.

"கதைக்கா, நோட்டுக்கா?"

இரண்டும் ஒன்றுதான், போனை வை என்றேன்.

8

அவசரப்பட வேண்டாம், அடுத்து நாற்பது நிமிடம் மட்டும் போய்ப் பாருங்கள் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். ஆனால் அவளுக்கு லீவு தீர்ந்துவிட்டது. கடிதத்தின்படி இரண்டு மணி நேரம் கதறியவன் பத்தே நாளில் பெருமூச்சு விட்டுப் படுக்கிறான் என்றால், ஒரு முற்பகலைத் தாங்க மாட்டானா என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கில் தப்பில்லை. இரண்டு எண்ணும் நான் கொடுத்தவை.

பதின்மூன்றாம் நாள் ஒன்பது மணிக்குக் கதவு பூட்டப்பட்டது. மூன்றாவது நிமிடம் முனகல். ஐந்தாவது நிமிடம் அழுகை. அதன்பின் நான் இதுவரை கேட்காத ஒரு சத்தம்: மரத்தை நகத்தால் தோண்டும் சத்தம்.

அவளுக்குப் போன் செய்தேன். லேபில் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அவருக்குச் செய்தேன். லிஃப்ட் குழி. என்னிடம் சாவி கிடையாது. தும்மல்காரியிடம் யார் சாவி கொடுப்பார்கள்? நான் வெளியே போய் அவர்கள் வாசலில் உட்கார்ந்து, கதவின் அடிச்சந்தில் விரலை நுழைத்து, அவனிடம் பேசினேன்.

~~என் குரலைக் கேட்டதும் அவன் மெல்ல அமைதியானான். மூக்கை என் விரலில் வைத்து—~~

அடித்துவிட்டேன். நடந்தது இது: நான் பேசப் பேச அதிகமாகக் கதறினான். வெளியே ஆள் இருக்கிறது, ஆனாலும் கதவு திறக்கவில்லை. யாருமே இல்லாததைவிட அது மோசம். அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. எழுந்து என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவரை மறுபடி மறுபடி கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான கணக்கு எழுதினேன். ஒரு மணி ஐம்பது நிமிடம்.

கடிதத்தில் நான் எழுதிய இரண்டு மணி நேரம் கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது.

ஒருவழியாக அழைப்பு கிடைத்து லிஃப்ட்காரர் மாடிப்படியில் ஓடிவந்தார், லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. கதவின் உள்பக்கம், இடுப்பு உயரத்தில், ரத்தக் கோடுகள். வலது முன்காலில் ஒரு நகம் பிய்ந்து தொங்கியது. மேனேஜர் அவர் ஷூவின் மேலேயே சிறுநீர் கழித்துவிட்டு, அவர் மடியில் ஏறி நடுங்கினான். அவர் கருவிப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் மதியம் வந்தாள். மேனேஜரின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் இந்தக் கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

"நோட்டுல நல்லாத்தானேக்கா இருந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் புத்திய செருப்பால அடிக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

9

முடிவுகள்.

(அ) நான் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன், நடுவில் மேனேஜர் வாலாட்டுகிறான். — தங்கை படித்தால் சிரிப்பாள். நானே சிரித்துவிட்டேன்.

(ஆ) நான் எதுவும் சொல்லவில்லை. கெடு முடிந்த நாள் காப்பகத்து வண்டி வருகிறது. மேனேஜர் ஏறும் முன் அந்த வண்டியில் இருந்த பையை எல்லாம் மோந்து பார்க்கிறான். நான் ஜன்னலில் நிற்கிறேன். — அழகான முடிவு. அழகாக இருப்பதால்தான் எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை. என் அழகான வரிகள் அவனுக்கு என்ன செய்தன என்று பார்த்துவிட்டீர்களே.

(இ) நோட்டில் தொடர்ந்து நல்லதாகவே எழுதுகிறேன். சங்கம் அதை நம்பி நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறது. — இதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். உண்மையை எழுதினால் சங்கம் அவனை வெளியேற்றும். பொய் எழுதினால் அவனுக்கு இன்னொரு நகம் போகும். உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் எழுத ஒரு வழி இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடினேன். முப்பது வருடமாக அந்த நடுவழியில்தான் பிழைப்பை ஓட்டுகிறேன். இந்த முறை அது கிடைக்கவில்லை.

அதனால் முதலாம் பகுதிக்குத் திரும்பிப் போய், ஆறு ஆரம்பங்களையும் கிழித்துப் போட்டுவிட்டு, ஏழாவதை எழுதினேன். நீங்கள் படித்தது அதுதான்.

10

ஒன்று முதல் ஒன்பது வரை இரண்டு பிரதி எடுத்தேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றை அவர்கள் கதவின் அடியில் தள்ளினேன். இன்னொன்றைப் பெட்டியில் போடாமல் செயலாளர் கையிலேயே கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, இது புகாரா கதையா என்று கேட்டார். வாபஸ் என்றேன், கதையாக இருப்பது என் கைக்கோளாறு. அவர் சிரிக்கவில்லை. வரும் ஞாயிறு கமிட்டி கூடுகிறது, வைத்துப் பேசுகிறேன் என்றார். "ஆனா நாற்பது நிமிஷமும் சத்தம்தானே மேடம்" என்றார். அதுவும் நியாயம்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து மூன்று நாள் ஒரு வார்த்தை இல்லை. லிஃப்ட்காரர் மாலை ஷிஃப்டுக்கு மாறியிருந்தார். யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருந்தார்கள். சுவர் வழியாக ஒரு "போயிட்டு வரேன்"கூடக் கேட்கவில்லை. அது இல்லாத வீட்டில் எனக்கு எழுத வரவில்லை. நான் கேட்டு வாங்கிய நிசப்தம்.

இன்று காலை மணி அடித்தது. அவள் நின்றிருந்தாள், கையில் நோட்டு. பதினோராம் நாள் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பெருமூச்சு வரியை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தாள்.

"எனக்குக் கோவம் போகலக்கா. போகவும் நாளாகும். ஆனா இந்தச் சுவருக்குப் பக்கத்துல இருக்கிறது நீங்கதான்." பல்லைப் பார்க்கவில்லை, நேராகக் கண்ணைப் பார்த்தாள். "இனி கேட்டத மட்டும் எழுதுங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னு எழுதுங்க."

எனக்குத் தும்மல் எதுவும் கிடையாது, பகலில் அவன் என் மேசைக்கடியில் இருக்கலாம் என்றேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றாள். முதலில் ஒரு நிமிடம். மறுபடி ஒன்றிலிருந்து.

திறந்திருந்த தன் வீட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள். மேனேஜர் நின்றிருந்தான், ஒரு கால் வெள்ளைக் கட்டோடு. ரப்பர் பந்தை அவன் முன்னால் உருட்டினாள். "போயிட்டு வரேன்" என்றாள்.

10.42. கதவு சாத்தப்பட்டது. இருவர் இறங்கும் காலடி, நான்கு மாடி.

நகங்கள் தரையில் தட்டும் சத்தம். நடையில் ஒரு காலின் ஓசை மட்டும் இல்லை, அது கட்டுப் போட்ட கால். கதவுவரை வருகிறான். நிற்கிறான். இருபது நொடி ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வந்தால் கதை கச்சிதமாக முடிந்துவிடும். வரவில்லை. எழுதவில்லை.

இன்னும் நாற்பது நொடி இருக்கிறது. ஞாயிறு இன்னும் வரவில்லை. என்னை நான் நம்பவில்லை, அதனால் பேனாவை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். காதைச் சுவரில் வையுங்கள், கொஞ்சம் குளிரும். கீழே கேட்டருகே இரண்டு பேர் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன், போனவர்கள் வருவார்களா என்று நின்றிருக்கிறான். உங்களுக்கு ஏதாவது கேட்கலாம்.

கேட்காவிட்டால், கேட்கவில்லை என்றே எழுதுங்கள்.